வீட்டிலேயே துப்பாக்கி செய்யலாமா? கடலூர்ச் சீமையின் குண்டுக் கதைகள் தெரியுமா?

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் சுண்டல், மாங்காய்ப் பத்தை, குதிரைச் சவாரி எல்லாம் தாண்டினால் பலூன் சுடும் கடை. பத்து ரவை வாங்கினோம். என் மகள் ஒன்பதைக் கடல்காற்றில் கரைத்தாள். பத்தாவது பட்டது, ஆனால் அவள் குறிவைத்த சிவப்புப் பலூனில் இல்லை, பக்கத்து மஞ்சள் பலூனில். "அப்பா, இந்தத் துப்பாக்கி கோணல். நாமளே வீட்ல ஒண்ணு நேரா செஞ்சா என்ன?" என்றாள்.

வாயை அடைக்கும் கேள்வி. சிதம்பரத்துக்குத் திரும்பும் பேருந்தில் முழுக்க இதே பேச்சுதான். எனக்குத் தெரிந்ததையும், அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்ததையும் இங்கே கொட்டுகிறேன். பெல்ட் கட்டிக்கொள்ளுங்கள்!

முதல் அதிர்ச்சி அவள் நின்றிருந்த மணலிலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் அந்தக் கடற்கரையை ஒட்டித்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டை சரி, சுற்றியுள்ள நிலம் எவ்வளவு? அளவுகோல் என்ன தெரியுமா? சங்கிலியும் இல்லை, கோலும் இல்லை. பீரங்கி! கோட்டையிலிருந்து நாலாபக்கமும் பீரங்கியைச் சுடுவது. குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். இதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றையும், அதைச் சுடத் தெரிந்த ஆளையும் வரவழைத்தார்கள். ஊர்க்காரர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். காலையில் ஒரு ராஜாவின் குடியாக எழுந்தவர், தன் வயலில் குண்டு விழுந்த பாவத்துக்கு, சாயங்காலம் கம்பெனிக்குக் குடியாகிவிட்டார்.

அந்தக் குண்டுகள் இன்னும் ஊர்ப்பெயரில் உருண்டுகொண்டிருக்கின்றன. கடலூரில் குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்று சொல்கிறோமே, அந்தக் குண்டு இந்தக் குண்டுதான்! பெயர்ப்பலகையை ஆயிரம் தடவை பார்த்திருப்போம், எத்தனை பேர் கேட்டிருப்போம்? அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலைஹு யேல். ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். அவர் வேல்ஸ் நாட்டு வம்சம். அந்நாட்டின் காவல் புனிதர் டேவிட். கோட்டைக்குப் பெயர் அப்படி வந்தது.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை எங்கே நடந்தது தெரியுமா? பாஸ்டனிலா, நியூயார்க்கிலா? கடலூரில்! அமெரிக்கருக்குத் துணையாக இங்கிலாந்தோடு போரில் இறங்கிய பிரெஞ்சுக்காரர்கள் 1783 ஜூனில் கடலூரைப் பிடித்துவைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஜூன் 13-ல் தரையில் பெரிய சண்டை, 20-ல் கடலில் சண்டை. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்! சேதி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. முடிந்துபோன போருக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலூர் மண்ணில் அடிபட்டும் செத்தும் விழுந்தார்கள். இதைச் சொன்னபோது என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூர் வந்தது. கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. துப்பாக்கிக்கு முதலில் என்ன வேண்டும்? எஃகு. சரி, இதைக் கேளுங்கள். ஜோசையா மார்ஷல் ஹீத் என்றொரு கம்பெனி உத்தியோகஸ்தர், வேலையை உதறிவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது, மரக்கரி உலை. இரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போனது, அதாவது எஃகுக்கே பேர்போன ஊருக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்றதும் அல்லாமல், அங்கேயே போய் உட்கார்ந்து எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும், விலை குறையும் என்று 1839-ல் காப்புரிமையும் வாங்கினார் ஹீத். ஷெஃபீல்டுக்காரர்கள் வித்தையை எடுத்துக்கொண்டார்கள், பணம் கொடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வழக்கு. அவர் கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. உலக எஃகு வரலாற்றில் ஒரு திருப்பத்துக்குக் காரணமான ஆள் நம்ம பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியவர்!

அதே பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். அந்தச் சண்டையில் வென்றது கூட். ஆனால் அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் அவர் தோற்றுத் திரும்பிய இடம் எது தெரியுமா? சிதம்பரம்! நடராசர் கோயிலை ஹைதரின் படை கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே இருந்தது. ஜூன் 18 இரவு கூட் தாக்கினார். மதில் அசையவில்லை. பீரங்கியோடு வந்தவர் அடிபட்டுப் பின்வாங்கினார். கீழ வீதியில் தினமும் அந்தக் கோயிலின் கோபுரத்தைக் கடந்துதான் என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லைப் பார்ப்போம். திருக்குறளில் துப்பாக்கி இருக்கிறது தெரியுமா? வான்சிறப்பு அதிகாரம், 12-ஆம் குறள். தமிழாசிரியர்கள் வகுப்பைத் தூக்கத்திலிருந்து எழுப்பக் கையாளும் பழைய தந்திரம் இது. வள்ளுவர் சொன்னது சுடும் கருவியை அல்ல. துப்பு என்றால் உணவு, அதை ஆக்கி, அதாவது விளைவித்து. மழையின் பெருமை! சுடும் துப்பாக்கியோ துருக்கியிலிருந்து பாரசீகம், உருது எல்லாம் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்த சொல். துருக்கியில் தூஃபெக். அந்தச் சொல் ஆதியில் குறித்தது என்ன என்று சொல்லாய்வாளர்கள் சொல்கிறார்கள் தெரியுமா? வாயால் ஊதிக் குருவி அடிக்கும் ஊதுகுழலை! 'தூ' என்று காற்றை ஊதும் ஓசை. வெடிமருந்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, துப்பாக்கி பிறவியிலேயே காற்றுத் துப்பாக்கி.

சரி, வீட்டில் செய்யலாமா? இங்கேதான் அப்பா முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அப்பாவும் பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் பாகங்களைப் பரப்பி ரைபிள் பூட்டும் வீடியோக்களை அவளும் பார்த்திருக்கிறாள். அங்கே சட்டத்தின் கண்ணுக்கு அத்தனை பாகங்களில் ஒரே ஒரு பாகம்தான் 'துப்பாக்கி'. மற்றதெல்லாம் வெறும் சாமான். தடை விதிக்கப்படாத ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அந்நாட்டு மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. நம் நாட்டில்? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவு. உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, மாற்றக்கூடாது. பழுதுபார்க்கக்கூட முடியாது! மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை, கூடினால் ஆயுள். 21 வயது ஆகாதவருக்குச் சுடும் ஆயுத உரிமமே கிடையாது.

"அப்ப நரிக்குறவங்க வச்சிருந்தாங்களே?" என்றாள். அவள் பாட்டி சொல்லியிருக்கிறார். உண்மைதான். குழல்வாயில் மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியோடு கொக்கு, காடை விற்க வரும் நரிக்குறவரைப் பார்க்காத பழைய தென்னாற்காட்டுக்காரர் கிடையாது. இன்று அவர்கள் கையில் பெரும்பாலும் பாசிமணிதான். அவர்கள் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த பழங்குடிப் பட்டியல் 2023 ஜனவரியில்தான் கைகூடியது. அந்தக் காலம்போல் இன்று யாராவது பிச்சாவரத்து நாரையைக் குறிவைத்தால், ஆயுதச் சட்டத்தோடு 1972-ன் வன உயிரினச் சட்டமும் கூடவே வரும்.

துப்பாக்கி செய்கிற இடம் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. திருச்சியில் 1966-ல் இந்திரா காந்தி தொடங்கிவைத்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இன்றும் ராணுவத்துக்கும் போலீசுக்கும் ரைபிள் செய்கிறது. சிதம்பரத்தில் ரயிலேறினால் சில மணி நேரம். "உள்ள விடுவாங்களா?" மாட்டார்கள்.

அவள் முகம் வாடியபோதுதான் கதவு ஒன்று திறந்தது. 2016-ன் ஆயுத விதிகளைப் படித்தால், 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகவலுவும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். ஒலிம்பிக்கில் சுடுகிறார்களே 10 மீட்டர் ஏர் ரைபிள், அதன் குழல் சரியாக 4.5 மி.மீ.! வலு எட்டு ஜூலுக்கும் கீழே!

இப்போது பெரிய சேதி. அந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பை வென்றவர்களில் ஒருவர் எந்த ஊரில் பிறந்தார் தெரியுமா? நம்ம கடலூரில்! இளவேனில் வாலறிவன், 1999 ஆகஸ்ட் 2. பெயர் இளவேனில், பிறந்ததோ ஆடியில்! சிறுவயதிலேயே குடும்பம் குஜராத் போய்விட, அகமதாபாத்தில் வளர்ந்து துப்பாக்கி பிடித்தார். 2018-ல் சிட்னி ஜூனியர் உலகக் கோப்பையில் தங்கம். 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம், அதே ஆண்டு சீனாவின் புதியானில் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தங்கம். 2023-ல் மறுபடி ரியோ, மறுபடி தங்கம். 2025-ல் கஜகஸ்தானின் ஷிம்கென்டில் ஆசியத் தங்கம். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக். அர்ஜுனா விருது. அப்பா பெயரான வாலறிவன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: திருக்குறளின் இரண்டாவது குறள்! இரண்டாவதில் அப்பா, பன்னிரண்டாவதில் துப்பாக்கி. இதற்கு மேல் ஒரு ஒற்றுமை எனக்கு வேண்டாம்.

பாரிஸில் என்ன ஆனது தெரியுமா? 60 முறை சுட வேண்டும், 75 நிமிஷத்தில். ஒவ்வொரு சுடலுக்கும் அதிகபட்சம் 10.9. இளவேனில் எடுத்தது 630.7, சராசரி பத்தரைக்கு மேல்! கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் நடுப்புள்ளியிலிருந்து ரவை சராசரியாக ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட விலகுவதில்லை. அதற்குக் கிடைத்த இடம் பத்தாவது. இறுதிச்சுற்றுக்குப் போவது முதல் எட்டுப் பேர் மட்டும். இவ்வளவு துல்லியமாகச் சுட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய விளையாட்டு வேறு உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். இந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளியளவு. சுடப்படும் ரவையோ அதைப்போல் ஒன்பது மடங்கு பெரிது! அரை கிராம் சொச்சம் ஈயம், நொடிக்கு 170 மீட்டர் சொச்சம் வேகம். விசையை அழுத்திக் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அதுவரை அசையக்கூடாது. அதற்காகத்தான் ஐந்தரைக் கிலோ வரை கனக்கும் ரைபிள், அட்டைபோல் விறைத்த கான்வாஸ் சட்டை, வாத்து நடை நடக்கவைக்கும் தட்டையான பூட்ஸ். சட்டைத் துணியின் தடிமன் 2.5 மி.மீ. தாண்டினால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். விசையோ நூறு கிராம் அழுத்தத்துக்கும் குறைவாக வைத்துக்கொள்வார்கள். விரல் நினைத்தால் போதும், ரவை போய்விடும்.

ரைபிள் என்ற பெயர் எப்படி வந்தது? குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களுக்குத்தான் அந்தப் பெயர். அதில் சுழன்று வெளியே வரும் ரவை காற்றில் புரளாது. ஏன்? பம்பரம் சுற்றும்வரை சாயாதல்லவா, அதேதான்! அந்த அரைக்கிராம் ஈயப் பம்பரம் சுற்றுவது நொடிக்கு முந்நூறு தடவைக்கும் மேல். பலூன் கடைத் துப்பாக்கிக்குள் அந்த வரிகள் எந்த லட்சணத்தில் தேய்ந்து கிடக்கும் என்று யோசித்தேன். மகள் சொன்னது வாஸ்தவம்தான் போலிருக்கிறது.

காற்றுத் துப்பாக்கி என்றால் பொம்மை என்று நினைத்தால் தப்பு. கூட் சிதம்பரத்தில் அடிபட்ட அதே காலகட்டத்தில் ஆஸ்திரியப் படையிடம் ஜிராண்டோனி என்றொரு காற்று ரைபிள் இருந்தது. புகை இல்லை, பெரிய சத்தம் இல்லை, இருபது குண்டு அடுத்தடுத்துச் சுடும்! மற்றவர்கள் ஒரு குண்டு சுட்டுவிட்டு மருந்து இடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1804-ல் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்று ரைபிளைக் கொண்டுபோனது. ஒரே தொல்லை, ஜிராண்டோனியின் கலத்தில் காற்றடைக்க ஆயிரத்து ஐந்நூறு தடவை பம்பு அடிக்க வேண்டும். தோள் போய்விடும்!

துப்பாக்கி சுடும் வீரர்களின் அப்பாக்கள் சும்மா இருந்தார்களா? ககன் நாரங், பிறந்தது சென்னையில். மகனுக்கு நல்ல ரைபிள் வாங்க அவருடைய அப்பா வீட்டுமனையையே விற்றார்; குடும்பம் ஆண்டுக்கணக்கில் வாடகை வீட்டில். 2012 லண்டனில் மகன் வெண்கலம் வாங்கினார். அந்த ககன் நாரங்கின் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர்தான் இளவேனில்! அபிநவ் பிந்த்ராவின் பெற்றோர் வீட்டிலேயே சுடுதளம் கட்டிக்கொடுத்தார்கள். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வந்தது. எல்லார் வீட்டிலும் விற்க மனை இருக்காது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். போட்டி ரைபிள் விலை லட்சங்களில்.

ஆனால் பத்து மீட்டர் என்றால் எவ்வளவு? முப்பத்து மூன்றடி. சிதம்பரத்துப் பழைய வீடுகளில் வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை அளந்தால் அதைவிட அதிகமாகவே வரும்! ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் டேப் பிடித்தோம். ரேழி, கூடம், தாழ்வாரம் தாண்டிக் கிணற்றடிக்கு முன்பே பத்து மீட்டர் முடிந்தது. அங்கேதான் எங்கள் 'வீட்டுத் தயாரிப்பு' நடக்கிறது: துப்பாக்கி அல்ல, குறிப்பலகை. பழைய பலாப் பலகையில் நிறுத்தும் சட்டம், தரையிலிருந்து குறி 1.4 மீட்டர் உயரம், சர்வதேச விதி அதுதான். ரவை தெறிக்காமல் பிடித்துக்கொள்ளக் கனத்த இரும்புப் பெட்டி, பின்னால் முழுச் சுவர். எங்கள் சட்டங்கள்: அப்பா இல்லாமல் கை வைக்கக்கூடாது, சுடும்போது கொல்லைப்பக்கம் யாரும் வரக்கூடாது, ரவை ஈயம், தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கைவைக்கக்கூடாது. பாட்டி சேர்த்த விதி: "அணிலை மட்டும் சுட்டுடாத."

ரைபிள் இன்னும் வாங்கவில்லை. பெரிய வீரர்கள்கூட வீட்டில் ரவையே போடாமல் வெறுமனே பிடித்து, குறிபார்த்து, விசையழுத்திப் பழகுகிறார்கள். அதற்கு ட்ரை ஃபயரிங் என்று பெயர். நாங்கள் அதற்கும் ஒருபடி கீழே: ஒரு கையில் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நிமிஷக்கணக்கில் ஆடாமல் நிற்கிறோம். அவள் மூன்று நிமிஷம் தாக்குப்பிடிக்கிறாள். நான் ஒன்றரை. பள்ளியில் என்.சி.சி. வந்ததும் சேர்ந்துவிடுவேன், அங்கே பாயிண்ட் டூ டூ சுடவிடுவார்கள் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி வந்தால் பிள்ளையை அதட்டி உட்காரவைக்காதீர்கள். டேப்பை எடுத்து ரேழியை அளந்து பாருங்கள். வெள்ளிக் கடற்கரைக்குப் போகும்போது பலூன் கடையில் ரெண்டு அங்குலம் இடதுபக்கம் தள்ளிக் குறிவையுங்கள், சிவப்புப் பலூன் கட்டாயம் உடையும்.